கவனக்குறைவு வகை ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்கு எந்த மருந்து? எடுத்தவர்கள் சொல்லுங்கள்

செக்ரோல் (பொகவந்தலாவை):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. தேயிலைத் தோட்ட ஒபிசில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வரவும் கொழுந்துக் கிலோவும் பதிகிற பதிவேடு, எழுதுகிற வேலை. போன வருடக் கடைசியில் மனநல வைத்தியர் எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் துருதுருப்பும் உள்ள நிலை, என்று சொன்னார், அதிலும் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை. சின்ன வயதில் நான் குழப்படி செய்த பிள்ளை இல்லை. வாங்கில் அமைதியாக உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அம்மா அந்தக் காலத்தில் குவைத்தில் இருந்ததால், டொக்டர் என் அம்மாயியைத்தான் கூப்பிட்டு, பன்னிரண்டு வயதுக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று விசாரித்தார்.

இப்போது மெதைல்பெனிடேட் 10 மில்லிகிராம், காலை ஒன்று, பகல் ஒன்று. சாதாரண மாத்திரை. வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலையில் போட்டு அரை மணி போனதும், பேர் பதியும்போது கண் ஒரே வரியில் நிற்கிறது. பக்கத்தில் போன் அடித்தாலும் திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்க முடிகிறது. பிரச்சினை பிற்பகலில். பகல் மாத்திரையின் வேலை பிற்பகல் மூன்றரை மணிபோல் இறங்கிவிடுகிறது. அந்திக் கொழுந்தின் நிறைக் கணக்கு ஒபிசுக்கு வருவது அதற்குப் பிறகுதான். ஒரு ஆளின் கிலோ அடுத்த ஆளின் வரியில் விழுந்தால் மலையில் நாள் முழுக்க நின்ற ஒரு அக்காவுக்கு முழுப்பேரு (முழு நாள் சம்பளம்) அரைப்பேராகிவிடும். அதனால்தான் இதை இவ்வளவு யோசிக்கிறேன்.

நீண்ட நேரம் வேலை செய்கிற மெதைல்பெனிடேட்டுக்கு மாறலாம், இல்லாவிட்டால் அட்டோமொக்செட்டின் பார்க்கலாம் என்கிறார் டொக்டர். லண்டனில் இருக்கிற சித்தப்பா மகன் லிஸ்டெக்ஸ்அம்பெட்டமின் எடுக்கிறான். அதுதான் எல்லாவற்றையும்விட நல்லது, பார்சலில் கொஞ்சம் அனுப்பவா என்று கேட்கிறான். உண்மையில் இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?


பண்டாரவளை டீச்சர்:

தம்பி, நான் அட்டோமொக்செட்டின் எடுக்கிறேன். முதலில் எனக்கும் மெதைல்பெனிடேட்தான் தந்தார்கள். பாடம் ஒழுங்காகப் போகும், ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், யாராவது கதவைத் தட்டினாலே திடுக்கிடுவேன். எனக்கு ஏற்கெனவே பதற்றம் அதிகம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. பதற்றம் உள்ள சிலருக்கு, கவனம் சரியானதும் பதற்றமும் குறைகிறதாம். எனக்கு ஆகவில்லை, டொக்டர் மாற்றினார்.

இது மெதைல்பெனிடேட் மாதிரி உடனே மூளையைத் தூண்டுகிற ஸ்டிமுலன்ட் வகை இல்லை. இன்று போட்டால் இன்று தெரியாது. நாலு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. முதல் மாதம் எனக்குக் கிடைத்தது குமட்டல் மட்டும்தான். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு பதுளை பஸ்ஸில் ஏறினால் தெமோதரைப் பக்கம் வளைவுகளில் உயிர் போய்விடும். சாப்பிட்ட பிறகு போடத் தொடங்கியதும் அது அடங்கியது.

அதன் நல்லது என்னவென்றால், நாள் முழுக்க ஒரே சீராக இருக்கிறது. காலையில் எழும்பும்போதே இருக்கிறது. ஸ்கூல் விட்டு வந்து பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போதும், இரவில் அடுப்பில் கறியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும்போதும் இருக்கிறது. ஆனால் மெதைல்பெனிடேட் தந்த அந்தக் கூர்மை இதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது நாலு மணிக் கணக்கில் கூர்மை என்றால், இதற்குத் தாவ முன்பு நன்றாக யோசியுங்கள்.


பாமசிக்காரன் (கண்டி):

செக்ரோல் அண்ணா, டீச்சர் சொன்னது சரி. எது பலமான மருந்து என்று பார்ப்பதைவிட எத்தனை மணிக்கு உங்களுக்கு என்ன வேலை என்று பார்த்துத்தான் இவற்றை ஒப்பிடவேண்டும். கடையில் நிற்கிற எனக்கு இது நன்றாகத் தெரிகிறது. மருந்து சரியில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு மருந்து சரிதான், நேரம்தான் பொருந்தவில்லை.

முதலில் அவை என்ன செய்கின்றன என்று சொல்கிறேன். மூளையில் டோபமைன், நோரட்ரினலின் என்று இரண்டு இரசாயனங்கள். கவனத்தைப் பிடித்து நிறுத்துவதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. நரம்பு அவற்றை வெளியே விட்டுவிட்டு உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். லயத்துப் பீலிக்கரையில் (தண்ணீர்க் குழாயடியில்) ஒரு தொட்டி இருக்கிறது என்று நினையுங்கள். மெதைல்பெனிடேட் தொட்டியின் ஓட்டையை அடைக்கிறது, வருகிற தண்ணீர் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது. அம்பெட்டமின் வகை ஓட்டையையும் அடைத்து, பீலியையும் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. அட்டோமொக்செட்டின் நோரட்ரினலின் பக்கத்து ஓட்டையைத்தான் அடைக்கிறது.

மெதைல்பெனிடேட் புது மருந்து இல்லை. 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவர் மனைவி மார்கரிட்டை ரீட்டா என்று கூப்பிடுவார்களாம். இந்த மருந்தின் கம்பனிப் பெயரான ரிட்டலின் அதிலிருந்து வந்தது. 1950களின் நடுவிலிருந்து பாவனையில் இருக்கிற மருந்து இது.

இப்போது நேரம். சாதாரண மெதைல்பெனிடேட் மூன்று, நாலு மணி நேரம். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தரம் போடவேண்டும். ரிட்டலின் எல்ஏ மாதிரியான கெப்சூலில் பாதி மணிகள் உடனே கரையும், பாதி சில மணி நேரம் கழித்துக் கரையும். மொத்தம் எட்டு மணி நேரம்போல் வரும். கொன்சேர்ட்டா என்ற நீண்ட நேர மெதைல்பெனிடேட் மாத்திரை வேறு மாதிரி. 18 மில்லிகிராம் மாத்திரை என்றால் 4 மில்லிகிராம் வெளிப்பூச்சில் இருந்து உடனே கிடைக்கும். மீதி 14 உள்ளே இருக்கும். வயிற்றிலுள்ள நீர் மாத்திரைக்குள் போய் ஒரு அடுக்கை ஊதவைக்கும், அது மருந்தை ஒரு சிறு துளை வழியாக மெதுவாகத் தள்ளும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓடும். நீங்கள் இப்போது எடுக்கிற 10 காலை, 10 பகல் என்ற அளவிலிருந்து மாறுகிறவர்களுக்கு வழக்கமாக கொன்சேர்ட்டா 36 மில்லிகிராமில் தொடங்குவார்கள். இதெல்லாம் உங்கள் டொக்டர் பார்த்து முடிவு செய்யவேண்டியது, நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். கொன்சேர்ட்டாவைக் கடிக்கவோ உடைக்கவோ கூடாது.

பார்சல் விசயத்தை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணா. மெதைல்பெனிடேட், அம்பெட்டமின் இரண்டுமே 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில், கடுமையாகக் கட்டுப்படுத்தவேண்டிய மருந்துகளில், உள்ளவை. டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல், வேறு ஒருவர் பேரில் வந்த மருந்து சுங்கத்தில் பிடிபட்டால் மாட்டுவது நீங்கள்தான்.


ஹட்டன் பையன், இப்போது லண்டன்:

நான் அந்த லிஸ்டெக்ஸ்அம்பெட்டமின்தான் எடுக்கிறேன், ஆகவே அதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். எனக்கு மெதைல்பெனிடேட்டைவிட இது நல்லது. முதலில் கொன்சேர்ட்டா எடுத்தேன். மாலையில் அது இறங்கும்போது எரிச்சல் எரிச்சலாக வரும், மனைவியோடு தேவையில்லாத வாக்குவாதம். லிஸ்டெக்ஸில் இறக்கம் மெதுவானது. அது உடம்புக்குள் போகும்போது வேலை செய்யாத நிலையில்தான் போகிறது. சிவப்பணுக்கள் அதிலிருந்து லைசின் என்ற பகுதியை வெட்டிவிட்ட பிறகுதான் டெக்ஸ்அம்பெட்டமின் ஆகிறது. அதனால் சட்டென்று ஏறாது. காலை ஏழு மணிக்குப் போட்டால் இரவு எட்டு வரை தெரியும். 30இல் தொடங்கினார்கள், இப்போது 50.

இங்கே சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடுகிற நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டியில் பெரியவர்களுக்கு முதல் மருந்தாக இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள், லிஸ்டெக்ஸ் அல்லது மெதைல்பெனிடேட். ஒன்றை ஆறு வாரம் சரியான அளவில் பார்த்தும் போதாவிட்டால் மற்றதற்கு மாற்றலாம். இரண்டும் ஒத்துவராதவர்களுக்கு அட்டோமொக்செட்டின்.

ஆனால் பார்சல் வேண்டாம் என்பதில் பாமசிக்காரத் தம்பியோடு நானும் சேர்கிறேன். இங்கே அது சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட பி வகுப்பு மருந்து, இன்னொருவருக்குக் கொடுப்பதே குற்றம். இன்னொன்று, 2023இல் இங்கே இந்த மருந்துகளுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. கடை கடையாக அலைந்தேன். லண்டனில் இருந்தே எனக்கு அந்தக் கதி என்றால், பார்சலை நம்பி பொகவந்தலாவையில் ஒருவர் எப்படி இருப்பது?


சாமிமலைக்காரர்:

தம்பிமாரே, நான் கோபத்தில் எழுதவில்லை. எங்கள் காலத்திலும் மறதிக்காரர் இருந்தார்கள். சாயத்தண்ணி, பால் இல்லாத தேத்தண்ணி, இரண்டு கோப்பை குடித்தால் வேலை பார்ப்பார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் மாத்திரையா? இது ஐஸ் போதைப்பொருள் குடும்பத்து மருந்து என்றும் ஒருவர் சொன்னார். பயமாக இருக்கிறது.


பாமசிக்காரன் (கண்டி):

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. கண்டியிலும் ஐஸால் அழிகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஐஸ் என்பது மெத்அம்பெட்டமின். அம்பெட்டமின் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதும் உண்மை. மெதைல்பெனிடேட் வேறு மூலக்கூறு. ஆனால் பெயரைவிட முக்கியமானது அளவும் போகிற வழியும். ஐஸைப் புகைக்கும்போது சில நொடிகளில் மூளைக்குள் பாய்கிறது, அந்தப் பாய்ச்சலுக்குத்தான் ஆள் அடிமையாகிறான். சிறிய அளவில் விழுங்கும்போது மெதுவாக ஏறுகிறது. அப்படியும் தவறாகப் பாவிக்க முடியும் என்பதால்தான் கண்காணிக்கிறோம். வீட்டில் போதைப் பழக்கம் உள்ள யாராவது இருந்தால் மருந்தைப் பூட்டி வையுங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள். அட்டோமொக்செட்டினில் இந்தப் பயம் இல்லை.


பண்டாரவளை டீச்சர்:

ஐயா, உங்களை மதித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் காலத்து மறதிக்காரர்கள் என்ன ஆனார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். கெட்டிக்காரர், பரீட்சைத் தாளில் பாதிக் கேள்வி விடுபட்டிருக்கும். மக்கு என்றே பேர் வைத்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். அமைதியாக இருக்கிறாள் என்று பாராட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவோம். இந்த வகைக்கு 1980இலேயே அமெரிக்க மனநல வைத்தியர்கள் தங்கள் கைநூலில் இடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் லயங்களுக்கு வந்துசேர எத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது பாருங்கள். என் வகுப்பில் பின்வாங்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது இது என் வயிற்றைப் பிசைகிறது.


சிஸ்டர் (நுவரெலியா):

மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு விசயம், நான் கிளினிக்கில் தினமும் பார்க்கிறது. தோட்டத்துப் பெண்களில் இரத்தச்சோகை நிறைய. இரத்தம் குறைந்தாலும் கவனம் சிதறும், மறதி வரும், உடம்பு அசதியாக இருக்கும். தைரோய்ட் குறைந்தாலும் அப்படித்தான். மனச்சோர்வும், இரவில் குறட்டையோடு மூச்சு நிற்பதும் அதேபோலக் காட்டும். ஏடிஎச்டி என்றால் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கவேண்டும், வீட்டிலும் வேலையிலும் இரண்டு இடத்திலும் தெரியவேண்டும். முப்பது வயதில் திடீரென்று தொடங்கியது என்றால் முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

மருந்து தொடங்க முன் பிரஷர், நாடித்துடிப்பு, நிறை பார்க்கவேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இதயத்தால் இறந்தார்களா, உங்களுக்கு ஓடும்போது மயக்கம் வந்திருக்கிறதா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் எல்லாருக்கும் ஈசிஜி தேவையில்லை. அளவு கூட்டும் ஒவ்வொரு தரமும் பிரஷரும் நாடியும் பார்க்கவேண்டும், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கண் அழுத்த நோய் உள்ளவர்களும் சொல்லவேண்டும்.

சாயத்தண்ணியை ஐயா சொன்னார். அதிலுள்ள கஃபெய்ன் தூக்கத்தைத்தான் கலைக்கும், கவனத்தைச் சிறிது நேரம் தாங்கும், இந்த மருந்து செய்கிற வேலையை அது செய்யாது. அதைவிட, மெதைல்பெனிடேட்டோடு சேர்த்து எங்கள் ஆட்கள் குடிக்கிற அளவுக்குத் தேத்தண்ணி குடித்தால் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். மருந்து ஒத்துவரவில்லை என்று வந்த ஒருவரிடம் தேத்தண்ணியைப் பாதியாக்கச் சொன்னோம், அடுத்த கிளினிக்குக்குச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அட்டோமொக்செட்டின் எடுக்கிறவர்களுக்கு: கண், சிறுநீர் மஞ்சளானால், உடம்பு அரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அரிதாக ஈரலைப் பாதிக்கும். இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அப்படித் தோன்றினால் காத்திருக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். மனச்சோர்வுக்குத் தருகிற புளூஒக்சிட்டின் எடுப்பவர்களுக்கு அட்டோமொக்செட்டின் உடம்பில் கூடிவிடும், ஆகவே எல்லா மருந்தையும் டொக்டரிடம் காட்டுங்கள்.


பேராதனை மாணவி:

நான் கொன்சேர்ட்டா 36. விரிவுரைக்கு அருமை. ஆனால் ஹொஸ்டலில் சனிக்கிழமை பத்து மணிக்கு எழும்பி மாத்திரையைப் போட்டால் அன்று இரவு இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஏழரைக்கு முன்பு போடாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள் என்று டொக்டர் சொன்னார், அதைத்தான் செய்கிறேன். பகல் சாப்பாடு இறங்காது. அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பு வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், இரவு ஒன்பதுக்கு இன்னொரு சாப்பாடு. அம்மா மெலிந்துவிட்டாய் என்று அழுததால் மாதாமாதம் நிறை பார்த்து அவருக்கு அனுப்புகிறேன்.

ஒரு கேள்வி. அம்பெட்டமின்தான் பெரியவர்களுக்குச் சிறந்தது என்று ஆய்வு வந்ததாகப் படித்தேன். அப்படியென்றால் இங்கே இருக்கிற நாங்கள் இரண்டாந்தர மருந்தைத்தான் எடுக்கிறோமா? இதை நினைத்தால் மனம் கஷ்டமாக இருக்கிறது.


பாமசிக்காரன் (கண்டி):

தங்கச்சி, அது 2018இல் லான்செட் சைக்கியாட்ரி சஞ்சிகையில் வந்தது. 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர்களில் விளைவின் அளவு (எண் கூடினால் அறிகுறி கூடுதலாகக் குறைந்தது என்று அர்த்தம்) அம்பெட்டமினுக்கு 0.79, மெதைல்பெனிடேட்டுக்கு 0.49, அட்டோமொக்செட்டினுக்கு 0.45. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தியவர்கள் மூன்றிலும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகம். பிள்ளைகளுக்கு மெதைல்பெனிடேட்டைத்தான் முதலில் வைக்கச் சொன்னார்கள். எல்லாம் 12 வாரத்தை ஒட்டிய அளவுகள், பல வருடம் எடுப்பவரைப் பற்றி அதில் தெரியாது.

0.79 என்பது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. அந்தச் சராசரிக்குள் மெதைல்பெனிடேட்டில் மட்டும் தேறியவர் இருக்கிறார், அம்பெட்டமினில் மட்டும் தேறியவரும் இருக்கிறார். உங்களுக்கு 36இல் விரிவுரை புரிகிறது என்றால் உங்களுக்கு அது முதல்தர மருந்துதான். மாதாமாதம் தவறாமல் கிடைப்பதும் மருந்தின் குணத்தில் ஒன்று. 2022இல் இலங்கையில் மருந்து இல்லாமல் போனபோது கடை வாசலில் நின்று அழுதவர்களை நான் மறக்கவில்லை. அதற்காக இப்போதைக்குச் சொல்வது: நீண்ட நேர வகை எல்லாக் கடையிலும் இருக்காது. மாத்திரை முடிய ஒரு கிழமைக்கு முன்பே டவுன் கடைக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். இல்லாவிட்டால் சாதாரண மாத்திரையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று டொக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவையுங்கள்.


டுபாய் பயணம்:

நான் அடுத்த மாதம் டுபாய்க்கு வேலைக்குப் போகிறேன். மெதைல்பெனிடேட் எடுக்கிறேன். பையில் கொண்டு போகலாமா?


சிஸ்டர் (நுவரெலியா):

அப்படியே கொண்டு போகவேண்டாம் தம்பி. அங்கே இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, போக முன்பே அந்த நாட்டு அரசிடம் இணையவழியில் அனுமதி எடுக்கவேண்டும். டொக்டரின் கடிதம், துண்டு, உங்கள் பேர் ஒட்டிய பெட்டி மூன்றும் கையில் இருக்கட்டும். ஏஜென்சிக்காரர் பரவாயில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.


செக்ரோல் (பொகவந்தலாவை):

எல்லாருக்கும் நன்றி. பார்சல் வேண்டாம் என்று லண்டனுக்குச் சொல்லிவிட்டேன். கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் என் வேலையை மணிக்கணக்கு வாரியாக எழுதிக்கொண்டு போனேன். காலை ஆறரைக்கு பெரட்டு (ஆட்களைக் கூட்டிப் பேர் பதிவது), பத்து மணிக் கொழுந்து, பகல், அந்தி, இரவு மகனுக்குப் பாடம். எந்த நேரத்தில் மருந்து இறங்குகிறது என்று கோடு போட்டிருந்தேன். டொக்டர் அந்தத் தாளை அப்படியே கிளினிக் கொப்பியில் ஒட்டிவிட்டார். பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. நீண்ட நேர வகை 36 எழுதினார். ஹட்டனில் கிடைக்கவில்லை, கண்டியில் எடுத்தேன்.

அந்திக் கணக்கு இப்போது ஒரே இருப்பில் முடிகிறது. கூட்டிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறேன். பகல் பசி இல்லை, வாய் காய்கிறது, அதைத் தாங்கலாம். தேத்தண்ணியையும் குறைத்துவிட்டேன். அட்டோமொக்செட்டினை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

ஒன்றுதான் கேட்கவேண்டும். இன்று காலை மலத்தில் மாத்திரை முழுசாக அப்படியே வந்திருக்கிறது. கரையாமல் போய்விட்டதா? இன்னொன்று போடவேண்டுமா?


பாமசிக்காரன் (கண்டி):

போடவேண்டாம் அண்ணா. அது வெறும் கூடு. மருந்து முழுவதும் துளை வழியாக வெளியேறிய பிறகு கூடு கரையாமல் அப்படியே வந்துவிடும், கொன்சேர்ட்டாவில் அது வழமை. குடல் ஒடுங்கிய நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஒத்துவராது. உங்களுக்கு வயிற்று ஒப்பரேசன் ஏதாவது நடந்திருந்தால் டொக்டரிடம் சொல்லிவையுங்கள்.


செக்ரோல் (பொகவந்தலாவை):

ஒப்பரேசன் ஒன்றும் இல்லை தம்பி. சரி, நாளைக்கு வழக்கம்போல் ஆறு மணிக்குப் போடுகிறேன்.